உலகத்தைச் சூடாக்கும் சோடா

இலங்கையில் கண்டியை ஒட்டிய பேராதனைக்கு வந்து சேர்ந்த முதல் நாள் காலையில் நான் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். எதிரே திலகவதி பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே, "சரியான வெக்கை அக்கா. முந்தி கண்டி இப்பிடி இல்லை" என்றாள். பாளையங்கோட்டையில் சித்திரை மாதத்து மதியத்தில் இயற்பியல் நடத்திப் பழகியவள் நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மலையில் நீர்த்தேக்கங்கள் வற்றி, தினமும் மின்வெட்டு. ஏன் இப்படி என்று மாணவர்கள் கேட்டால் சொல்லத் தமிழில் ஒன்றும் இல்லை என்று, ஆசிரியர்களுக்குப் பூமி சூடாவது பற்றி எடுத்துச் சொல்ல என்னை அழைத்திருந்தாள்.

திலகவதி யாழ்ப்பாணத்துக்காரி. பேராதனையில் ஆசிரியர்களுக்கு இரசாயனம் கற்பிக்கிறாள். வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எங்கள் வீட்டில், "போயும் போயும் இப்போதா இலங்கைக்கு?" என்றார்கள். நான் போன நாட்களில் கண்டியில் சண்டை இல்லை, சோதனைச் சாவடிகள் இருந்தன. பஸ்ஸில் ஏறினால் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏற வேண்டும். ஊர்க்காரர்கள் இதை மழைக்குக் குடை விரிப்பதுபோல அலுப்பில்லாமல் செய்தார்கள்.

காலை உணவு பாணும் தேங்காய்ச் சம்பலும். பாண் என்றால் நம் ஊர் பிரெட். நம் பிரெட் காய்ச்சல்காரர்களுக்கு உரியது; இது உழைப்பாளிக்கு உரியது. சம்பலின் காரம் கண்ணில் நீர் வரவழைத்தது. தேநீரில் பால் இல்லை, சீனியும் இல்லை. கையில் கித்துள் என்கிற கூந்தற்பனையின் கருப்பட்டி ஒரு துண்டைக் கொடுத்து, கடித்துக்கொண்டு குடிக்கச் சொன்னாள். ஸ்வெட்டரைக் கழற்றினேன்.

அன்று பிற்பகல் பேராதனையில் முதல் கூட்டம். "பூமி ஏன் சூடாகிறது?" என்று கேட்டுத்தான் ஆரம்பித்தேன். "ஓசோன் படையில ஓட்டை" என்று ஒரே குரலாகப் பதில் வந்தது. ஓசோன் படலத்து ஓட்டை வேறு கதை என்று பொறுமையாக விளக்கினேன். வெயில் தரையைச் சூடாக்குகிறது, தரை அந்தச் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே அனுப்புகிறது, போகிற சூட்டை வழியில் பிடித்து ஒரு பகுதியைத் திருப்பி விடுவது நாங்கள் கரியமில வாயு என்றும் நீங்கள் காபனீரொட்சைட்டு என்றும் சொல்கிற காற்று, கரியும் எண்ணெயும் எரிக்க எரிக்க அது கூடுகிறது, அதனால் சூடும் கூடுகிறது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஓர் ஆசிரியர் வந்து, "அருமையான பேச்சு மிஸ். அந்த ஓட்டைய எப்ப அடைப்பாங்க?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல, ஒரு மணி நேரம் காற்றை மட்டுமே வைத்துக்கொண்டு காற்றைப் பற்றிப் பேசிய என் மேல். "கண்ணால காட்டினாத்தான் மனசில நிக்கும் அக்கா. திகனையில சோடாக் கொம்பனி வச்சிருக்கிற நானா ஒருத்தர் இருக்கிறார். அவரிட்ட அந்த வாயு சிலிண்டரிலயே இருக்கு" என்றாள் திலகவதி.

மறுநாள் திகனைக்குப் போனோம். நியாஸ் நானாவுக்கு ஐம்பது வயதிருக்கும். 'நானா' என்றால் இங்கே முஸ்லிம்களிடையே அண்ணன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் சோடா நிரப்புகிறார். எங்களைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார வைத்துவிட்டார். குளத்து மீன் குழம்பு, கத்தரிக்காய், அப்பளம். நான் போதும் என்று கையை மூடினால் விரலிடுக்கு வழியாகச் சோறு போட்டார் அவர் மனைவி. திருநெல்வேலி விருந்தில்கூட இவ்வளவு வற்புறுத்த மாட்டார்கள்.

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கலஹாவில் நடக்கவிருந்த இரண்டாவது கூட்டத்துக்குச் சிலிண்டரைக் கேட்டதும் நானா கொஞ்சம் யோசித்தார். "சிலிண்டர தனிய அனுப்ப ஏலா மிஸ். சாவடியில என்னத்தயாவது செல்லுவாங்க. நானே வேன்ல கொண்டு வாறன். கலஹா பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் ஏன்ட சோடாதான் போகுது. நம்ம சாமானப் பத்தி நாலு பேர் தெரிஞ்சிக்கிட்டா நல்லதுதானே" என்றார். கூட்டம் கலஹாவில் என்பதில் அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

கூட்டத்தன்று வேனில் இருந்தவர்கள் மூன்று பேர்: இந்தியப் பாஸ்போர்ட்டுடன் நான், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று போட்ட அடையாள அட்டையுடன் திலகவதி, ஆளுயர வாயு சிலிண்டருடன் நானா. பேராதனை தாண்டிய சாவடியில் ஒரு சிப்பாய் வேனுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு எங்கள் மூவரையும் பார்த்தான். பிறகு தன் மேலதிகாரியைக் கூப்பிட்டான்.

"இது வெடிக்குமா?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். திலகவதி மொழிபெயர்த்தாள். வெடிக்காது, நெருப்பை அணைக்கும் என்றேன். அது அவர்களுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. திலகவதியின் அட்டையைச் சிப்பாய் நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அவளுடைய தண்ணீர்ப் போத்தலைக் காட்டி, குடி என்று சைகை செய்தான். போத்தலில் இருப்பது தண்ணீர்தான் என்று நிரூபிக்க, சாவடியில் சொந்தக்காரரே ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். அவள் குடித்தாள். இன்னொரு வாய் என்றான். அதையும் குடித்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. என் வயதில் பாதிகூட ஆகாத ஒரு பையன் ஒரு பேராசிரியையைத் தண்ணீர் குடிக்க வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் நானா ஒரு பெட்டி சோடாவை இறக்கி, திறந்து நீட்டினார். அவர்கள் குடித்தார்கள், ஏப்பம் விட்டார்கள், எங்களை விட்டார்கள்.

கலஹாவில் எங்களை வரவேற்றவள் ராஜேஸ்வரி, தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. "வாங்க டீச்சர், வாங்க. லயத்துல இருந்துகூட ஆளுங்க வந்திருக்காங்க" என்றாள். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. மெலிந்த பெண், கர்ப்பத்தின் பாரம் இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை என்று திலகவதி காதில் சொன்னாள். பின்னாலேயே அவள் மாமியார் பொன்னம்மா, தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், வெற்றிலைப் பையும் மருமகள் மேல் வைத்த கண்ணுமாக வந்தார். இந்த ஊர்ப் பேச்சைக் கேட்க எனக்கு எங்கள் பக்கத்துப் பேச்சாகவே இருந்தது. கடல் தாண்டி வந்த களைப்பே போய்விட்டது.

மின்சாரம் இல்லாததால் வெயிலிலேயே சோதனை. இரண்டு கண்ணாடிப் போத்தல்கள், அடியில் கறுப்புத் துணி, இரண்டிலும் வெப்பமானி. ஒன்றில் சும்மா காற்று. இன்னொன்றில் நானா சிலிண்டரைத் திறந்து, உஸ்ஸென்று வாயுவை நிரப்பினார். முன்வரிசையில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் வாயு இருந்த போத்தல் மற்றதைவிடச் சிறிது கூடுதலாகக் காட்டியது. உண்மையைச் சொன்னால் இது முழுக்க நியாயமான சோதனை அல்ல. போத்தலுக்குள் வாயுவின் கனமும் கண்ணாடியும் செய்கிற வேலை நிறைய. வானத்தில் நடப்பது வேறு விதம். அதையும் சொன்னேன். யாரும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"மழைக்குக் கொழுந்தெடுக்கப் போறப்ப கம்பளி போடுவீங்கள்ல? கம்பளிக்குள்ள நெருப்பா இருக்கு?" என்று கேட்டேன். "இல்லீங்க, நம்ம ஒடம்புச் சூடுதான்" என்றார்கள். "இந்தக் காத்தும் அப்படித்தான். அதுவா சூடாக்காது. போற சூட்டைப் பிடிச்சு வைக்கும்" என்றேன். பளிச்சென்று புரிந்த முகங்களைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. முடிவில் நானா எல்லோருக்கும் சோடா கொடுத்தார். ராஜேஸ்வரியும் ஒன்று குடித்தாள்.

அடுத்த நாள் பேராதனைப் பூங்காவில் மூங்கில்களையும் வௌவால்களையும் பார்த்துப் பொழுதைக் கழித்தேன். அதற்கடுத்த நாள் காலையில் நானா வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"மிஸ், கோவமா கேக்கல்ல. அங்க நீங்க என்னதான் செல்லினீங்க?"

கலஹாவில் கடைகள் அவர் சோடாவைத் திருப்பி அனுப்பியிருந்தன. ஒரு கல்யாண வீடு வேண்டாம் என்று ஆள் அனுப்பியிருந்தது. "ஒலகத்தையே சூடாக்குற காத்தாம் மிஸ். அது வயித்துக்குள்ள போனா கொடல் வெந்திருமாம். புள்ளத்தாச்சி குடிச்சா கரு கலைஞ்சிருமாம். இந்தியாவுல இருந்து வந்த மிஸ் வெப்பமானி வெச்சே காட்டிட்டாங்களாம்."

எங்கள் ஊரில் பப்பாளியும் எள்ளும் அன்னாசியும் கர்ப்பிணிகளுக்குச் சூடு, ஆகாது என்பார்கள். இங்கேயும் அதே வரிசைதான். அந்த வரிசையில் சோடாவையும் வெப்பமானி சகிதம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அதுவாகச் சூடாக்காது என்று நான் மெனக்கெட்டுச் சொன்னதெல்லாம் போய், போத்தல் சூடானது மட்டும் மிஞ்சியிருந்தது.

"யாவாரம் போனாப் போகட்டும்" என்றார் நானா. "இது இன்னம் தமிழ் ஆக்கள்ட வாயிலதான் ஈக்குது. சிங்கள ஆக்கள்ட காதுக்குப் போய்ச் சேந்தா, முஸ்லிம்காரன் சோடாவுல கரு கலைக்கிற மருந்து போடுறான் எண்டு ஆகிரும். அதுக்குப் பொறகு யாரும் வந்து வெளக்கம் கேக்க மாட்டாங்க மிஸ். கொட்டிலப் பத்த வெச்சிட்டுத்தான் கேப்பாங்க."

திலகவதி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "எண்பத்திமூண்டு கலவரத்தில எங்கட கொழும்பு வீட்டை எரிச்சதும் ஒரு கதையை நம்பித்தான்" என்றாள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. என் ஊரில் நான் தப்பாக விளக்கினால் மாணவிக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பும் பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மூவரும் மறுபடி கலஹாவுக்குப் போனோம். சாவடியில் அன்று வேறு ஆட்கள். அதிகம் கேட்காமல் விட்டார்கள். பஸ் நிற்கும் இடத்தருகே உள்ள தேத்தண்ணிக் கடையில்தான் ஊர்ச் செய்திகள் எல்லாம் வந்து தங்கிப் புறப்படும். அங்கேயே உட்கார்ந்தோம். ராஜேஸ்வரியும், விடாமல் பின்தொடர்ந்து பொன்னம்மாவும் வந்தார்கள். வந்த பிறகுதான் கதை பிறந்த இடம் தெரிந்தது. அன்று மருமகள் சோடா குடித்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பொன்னம்மாவுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார். கேட்ட ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு கோப்பையில் தண்ணீர், ஒரு கோப்பையில் சோடா ஊற்றி இரண்டிலும் வெப்பமானியை வைத்தேன். இரண்டும் ஒரே அளவு. கடையில் இருந்தவர்கள் விரலை விட்டும் பார்த்தார்கள்.

"வெளிய குளுந்துதாம்மா இருக்கும். உள்ள போயித்தானே வேலயக் காட்டும்" என்றார் பொன்னம்மா. கூட்டம் ஆமாம் என்றது. இயற்பியலில் எனக்குக் கைவசம் இருந்தது அவ்வளவுதான்.

"சரி, நான் குடிக்கிறேன்" என்று ராஜேஸ்வரி ஒரு சோடாவை எடுத்தாள். "அன்னைக்கும் குடிச்சேன், ஒண்ணும் ஆவல. எல்லாரும் பாத்துக்கங்க." பொன்னம்மா 'ஐயோ' என்று எழுந்தார். அதற்குள் நானா எட்டி அவள் கையிலிருந்து போத்தலைப் பிடுங்கிவிட்டார்.

"வேணாம் தங்கச்சி. ஏன்ட சோடாவ நிரூபிக்கிறதுக்கு நீங்க குடிக்க வேணாம். புள்ள விசயம். அல்லாஹ் காப்பாத்தணும், நாளைக்கி ஒண்டு நடந்தா அது எதால நடந்தாலும் இந்தப் போத்தல்தான் உங்கட மனசுல நிக்கும். ஏன்ட மனசுலயும் நிக்கும்."

பின்னால் யாரோ, "பாத்தீங்களா, அவரே குடிக்க விட மாட்டேங்குறாரு" என்றார்கள். நானா அதைக் கேட்டார். கேட்டும் போத்தலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. தொழிலே போகும் என்று அவருக்குத் தெரியும். பொன்னம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது திலகவதி பொன்னம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அம்மா, உங்கட வெத்திலைப் பையில சுண்ணாம்பு இருக்கோ?" என்றாள்.

எனக்கு உடனே விளங்கியது. கடைக்காரரிடம் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பையும் வாங்கித் தண்ணீரில் கரைத்துத் தெளிய வைத்தோம். தெளிகிறவரை யாரும் நகரவில்லை. எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம். வடை ஆறிப்போயிருந்தாலும் நன்றாக இருந்தது. தெளிந்த நீரைத் துணியில் வடித்து இரண்டு கிளாஸ்களில் ஊற்றினாள் திலகவதி. ராஜேஸ்வரி வெளியே போய் ஒரு பப்பாசி இலைக் காம்பை ஒடித்து வந்தாள். நம் பப்பாளிதான் இங்கே பப்பாசி.

முதலில் சோடாப் போத்தலைத் திறந்து குலுக்கி, வந்த வாயுவை, நானா வேனிலிருந்து எடுத்துத் தந்த ரப்பர் குழாய் வழியாக ஒரு கிளாஸுக்குள் விட்டாள். தெளிந்த நீர் பால்போல வெளுத்தது. கூட்டத்தில் ஒரு 'ஆ' கேட்டது. "இது சோடாவில இருக்கிற காத்து" என்றாள். அடுத்த கிளாஸையும் பப்பாசிக் காம்பையும் பொன்னம்மாவிடம் நீட்டினாள். "நீங்கள் ஊதுங்கோ. உறிஞ்சிப் போடாதேங்கோ, ஊத வேணும்."

பொன்னம்மா சந்தேகமாக ஊதினார். குமிழ் வந்தது. மறுபடி ஊதினார். தண்ணீர் மெல்லக் கலங்கி, அதே பால் வெள்ளையானது. காம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதாம்மா" என்றேன். "பொறந்ததுல இருந்து இது உங்களுக்குள்ளேயே இருக்கு. மூச்சு விடுறப்ப வெளிய வருது. உங்க மருமகளுக்குள்ளேயும் இருக்கு, வயித்துப் பிள்ளையோட ரத்தத்துலயும் இருக்கு. கம்பளியில நெருப்பு இல்லைன்னு நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க? அதே மாதிரி இதுலயும் நெருப்பு இல்ல."

"இத்தன வருசமா எனக்குள்ளயே இருந்தும் ஒண்ணும் வெந்து போவலையே" என்றார் பொன்னம்மா, தனக்குத் தானே சொல்வதுபோல. மிச்சமிருந்த தெளிந்த நீரை வேறு கிளாஸ்களில் ஊற்றிக் கடைக்காரர் ஊதினார். பஸ் நடத்துனர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து ஊதினார். நானாவையும் ஊத வைத்தார்கள். எல்லோர் மூச்சிலும் ஒரே வெள்ளைதான்.

அதோடு விட்டிருக்கலாம். பொன்னம்மா விடவில்லை. "அப்ப ஒலகம் சூடாவுறதுக்கு நாந்தான் காரணமா? மூச்சு விடக் கூடாதா?" என்றார். கடையே சிரித்தது. நான் மறுபடி ஆரம்பித்தேன். நாம் மூச்சில் விடுவது நாம் தின்ற சோற்றிலிருந்து வந்தது, சோற்றை ஆக்கிய பயிர் அதைக் காற்றிலிருந்துதான் எடுத்தது, போனது வந்தது சரியாகிவிடும். மண்ணுக்கு அடியில் கிடந்த கரியையும் எண்ணெயையும் தோண்டி எரிப்பதுதான் கம்பளிமேல் கம்பளி போடுவது என்றேன். பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும். மீதிப் பேர் இன்றைக்கும் மூச்சுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அதனால் யாருடைய கொட்டகையும் எரியாது என்று விட்டுவிட்டேன்.

பொன்னம்மா நானாவிடம் போய், அவர் பிடுங்கி வைத்திருந்த போத்தலை வாங்கித் தானே குடித்தார். பாதியில் நிறுத்தி, "இவளுக்கு வேணாம். கேஸு நெஞ்சக் கரிக்கும். சூடுன்னு சொல்லல" என்றார். எனக்கு அது போதும். கடைக்காரர் இரண்டு பெட்டியை இறக்கச் சொன்னார். கல்யாண வீட்டுக்காரர் மட்டும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

திரும்பும்போது சாவடியில் அதே பழைய சிப்பாய். திலகவதியின் அட்டையை வாங்கிக்கொண்டான். வேனுக்குள் இருந்த பெட்டியிலிருந்து ஒரு சோடாவை எடுத்தான். திறக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டான். திலகவதி தாழ்ந்த குரலில் எங்களுக்குச் சொன்னாள்: "இதில என்னவோ கலந்திருக்கெண்டு மேல தோட்டங்களில கதைக்கினமாம். மெய்யோ எண்டு கேக்கிறான்."

நானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். கதை எங்களுக்கு முன்பே மலையிறங்கிவிட்டது. எங்களிடம் சுண்ணாம்பு நீர் மிச்சம் இல்லை. இருந்திருந்தாலும், துப்பாக்கியோடு நிற்பவனிடம் காம்பைக் கொடுத்து ஊதச் சொல்லும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

திலகவதி வேனிலிருந்து இறங்கினாள். அவன் கையிலிருந்த போத்தலை மெதுவாக வாங்கி மூடியைத் திறந்தாள். அவன் கேட்காமலேயே ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாயும் குடித்தாள். பிறகு போத்தலை அவனிடமே நீட்டினாள்.

அவன் அவளையும் போத்தலையும் பார்த்தான். போத்தல் வாயைத் துடைக்காமலேயே மிச்சத்தைக் குடித்து முடித்தான். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போகலாம் என்று கையைக் காட்டினான். நியாஸ் நானா அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு வேனைக் கிளப்பினார்.